எபிஃபோன் கேசினோ மறுவெளியீடு: பாடி அளவும் பி-90 பிக்கப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எபிஃபோனின் காலிப் பாடி எலெக்ட்ரிக் கிட்டாரான கேசினோவை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். பாடி ஏன் இவ்வளவு அகலம்? கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப்பை மாற்றியே ஆக வேண்டுமா? இரண்டுக்கும் இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன், கூடவே வரும் சில்லறைக் கேள்விகளுக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கிட்டாரின் குணத்தைத் தீர்மானிப்பது பாடி. பிக்கப் அதற்கு அடுத்துத்தான். பாடி உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிக்கப் பற்றிய முடிவை, நன்றாக வாசித்துப் பழகும்வரை தள்ளிப்போடுங்கள்.

எது மூல கேசினோ, எது மறுவெளியீடு?

எபிஃபோன் நியூயார்க்கில் வளர்ந்த பழைய நிறுவனம். 1957இல் கிப்சனின் தாய் நிறுவனம் அதை வாங்கியது. அதன் பிறகு எபிஃபோன் கிட்டார்கள் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில், கிப்சன் கிட்டார்கள் தயாரான அதே ஆலையில் தயாராயின. கிப்சன் 1959இல் இஎஸ்-330 என்ற மாடலைக் கொண்டுவந்தது. அதன் எபிஃபோன் வடிவம்தான் 1961இல் வந்த கேசினோ. ஹெட்ஸ்டாக், பிக்கார்டு போன்ற மேல் அலங்காரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே கிட்டார்.

1970 வாக்கில் எபிஃபோன் உற்பத்தி ஜப்பானுக்குப் போனது. ஆகவே 1960களில் கலமசூவில் செய்தவைதான் மூலம். பின்னால் ஜப்பான், கொரியா, சீனா என்று பல இடங்களில் அந்தப் பெயரில் வந்த எல்லாமே ஏதோ ஒரு அளவில் மறுவெளியீடு. 1999இல் ஜான் லெனன் பெயரில் இரண்டு பதிப்புகள் வந்தன. ஒன்று சன்பர்ஸ்ட் நிறத்தில், இன்னொன்று பாலிஷ் நீக்கிய வெறும் மர நிறத்தில். 2000களில் ஜப்பானில் தயாரான எலிட்டிஸ்ட் வரிசையை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 2020களில் நாஷ்வில்லில் அமெரிக்கத் தயாரிப்பும் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது சீனத் தயாரிப்பு. இந்தப் பக்கத்தில் மறுவெளியீடு என்று சொல்லும் இடங்களில் அதைத்தான் முக்கியமாக மனதில் வைத்திருக்கிறேன்.

பாடி உண்மையில் எவ்வளவு பெரியது?

கீழ்ப்பகுதியின் அகலம் சுமார் 16 அங்குலம், அதாவது 40 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கிப்சனின் கட்டியான பாடி கிட்டாரான லெஸ் பால் சுமார் 13 அங்குலம்தான். மூன்று அங்குல வித்தியாசம் காகிதத்தில் சின்னது. ஆனால் உட்கார்ந்து மடியில் வைத்தால் வலது கை கிட்டாரைச் சுற்றிவர வேண்டிய தூரம் உடனே தெரியும்.

தடிமன் வேறு கதை. விளிம்பில் அது ஒன்றே முக்கால் அங்குலம், சுமார் நாலரை சென்டிமீட்டர். ஜாஸ் வாசிப்பவர்களின் கிப்சன் இஎஸ்-175 ஏறத்தாழ இதே அகலம், ஆனால் தடிமன் 3 அங்குலத்துக்கு மேல். அதன் பக்கத்தில் வைத்தால் கேசினோ ஒல்லி. எடையும் குறைவு. பெரும்பாலான கேசினோக்கள் இரண்டரை முதல் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். படத்தில் பார்த்து 'இவ்வளவு பெரிய கிட்டாரைத் தோளில் எப்படி மாட்டுவது' என்று பயப்படுகிறவர்கள் கையில் எடுத்ததும் ஆச்சரியப்படுவது இதனால்தான்.

அளவு என்று பேசும்போது அகலம், தடிமன், எடை மூன்றையும் பிரித்துப் பாருங்கள். உங்களுக்குத் தோள்வலி பிரச்சினை என்றால் கேசினோ நல்ல தேர்வு. கை குட்டை, உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றால் வாங்கும் முன் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரமாவது வாசித்துப் பார்ப்பது நல்லது. வலது தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டால் இந்த அளவு உங்களுக்கு ஒத்துவரவில்லை.

கிப்சனின் இஎஸ்-335உம் 16 அங்குலம்தானே? கேசினோ ஏன் கையில் அடக்கமாக இருக்கிறது?

நல்ல கேள்வி. பலர் கவனிக்காமல் விடும் விஷயம் இது. காரணம், நெக் பாடியோடு சேரும் இடம். 335இல் நெக் 19ஆம் ஃபிரெட் பக்கத்தில் பாடியைத் தொடுகிறது. கேசினோவில் 16ஆம் ஃபிரெட்டிலேயே தொட்டுவிடுகிறது. இரண்டுக்கும் கம்பியின் அளவுநீளம் ஒன்றே, 24.75 அங்குலம். கணக்குப் போட்டால் நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பியைத் தாங்கும் சிறு பட்டை) 16ஆம் ஃபிரெட் சுமார் 14.9 அங்குலம், 19ஆம் ஃபிரெட் சுமார் 16.5 அங்குலம். அதாவது கேசினோவில் நெக் முழுவதும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல், ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், உங்கள் பக்கம் தள்ளி வந்திருக்கிறது.

இதன் பலன் இடது கையில் தெரியும். முதல் ஃபிரெட்டில் எஃப் கார்டு பிடிக்க 335இல் கையை நீட்ட வேண்டும், கேசினோவில் அவ்வளவு நீட்ட வேண்டாம். நெக் குட்டையாக வெளியே நிற்பதால் ஹெட்ஸ்டாக் பக்கம் கீழே இழுக்கும் தொல்லையும் இந்த எடை குறைந்த கிட்டாரில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. பாடியின்மேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜும் பாடியின் மையத்துக்கு நெருங்கி வருகிறது. மேல்பலகையின் நடுப்பகுதி ஓரங்களைவிட எளிதாக அசையும். கம்பியின் அசைவு அங்கே போய்ச் சேருவதும் கேசினோவின் ஒலிக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரே அகலம், ஒரே நீளக் கம்பி என்று விவரப் பட்டியலைப் பார்த்து இரண்டும் ஒரே மாதிரி உட்காரும் என்று முடிவுசெய்ய வேண்டாம்.

அப்போ மேல் ஃபிரெட்கள்?

அதுதான் விலை. 16க்கு மேலே போக பாடி வழிவிடாது. 17, 18 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் கஷ்டம். நீளமான சோலோக்களை 20ஆம் ஃபிரெட் பக்கம் வாசிப்பது உங்கள் வழக்கம் என்றால் கேசினோவை விட்டுவிடுங்கள். கிப்சனே 1968இல் இஎஸ்-330இன் நெக்கை நீட்டி 335 போல ஆக்கியது. அந்த நீட்டிய 330 தனி ஒலி, தனிக் குணம்.

உள்ளே முழுக்கக் காலிதானா?

ஆமாம். 335இன் பாடிக்குள் நெக்கிலிருந்து கீழ் முனைவரை ஒரு மரக்கட்டை ஓடுகிறது. கேசினோவில் அது கிடையாது. மேலும் கீழும் மேப்பிள் பிளைவுட், நடுவில் காற்று, மேல்பலகைக்குக் கீழே இரண்டு தாங்கு சட்டங்கள், அவ்வளவுதான். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். கம்பியைத் தட்டியதும் வேறாகிவிடும்.

கேசினோவில் கம்பியின் சக்தி மேல்பலகைக்குச் சீக்கிரம் போய்விடுகிறது. அதனால் ஒலி டக்கென்று எழுந்து, நடுவில் கொஞ்சம் மூக்கொலி கலந்த இனிமையோடு நின்று, வேகமாக அடங்குகிறது. ரிதம் வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான். 335இல் நடுக்கட்டை அந்தச் சக்தியைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஒலி நீண்டு நிற்கிறது. ஆம்ப் இல்லாமல் வீட்டில் வாசித்துப் பழகவும் கேசினோவின் சத்தம் போதுமானது. இரவில் ஆம்ப்பைப் போட முடியாத வீடுகளில் இது பெரிய வசதி.

பிளைவுட் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு: 1960களின் மூல கேசினோவும் பிளைவுட்தான். வளைத்து அழுத்திச் செய்த மேப்பிள் பிளைவுட் விறைப்பாக இருக்கும், ஈரப்பதத்துக்கு அவ்வளவு சீக்கிரம் கோணாது. கட்டியான ஸ்ப்ரூஸ் பலகை போட்டிருந்தால் இந்த ஒலியே வந்திருக்காது.

சிறிய பாடி வேண்டும் என்றால் கேசினோ கூப் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அதைச் சுருக்கிய கேசினோ என்று நினைத்து வாங்க வேண்டாம். கிப்சன் 2007இல் இஎஸ்-339 என்ற சிறிய பாடியைக் கொண்டுவந்தது, லெஸ் பாலைவிடச் சற்றே பெரிதாக. கூப் அந்த அளவில் வந்த கேசினோ. பி-90களும் காலிப் பாடியும் அதிலும் உண்டு.

உள்ளே இருக்கும் காற்றின் அளவு குறைந்தால் பாடியின் இயல்பான அதிர்வு மேல் ஸ்தாயிக்கு நகரும். அடியில் வரும் அந்த மெத்தென்ற விரிவு கூப்பில் குறைவு. மிட் எனப்படும் நடு ஒலிகள் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். பேண்டோடு வாசிக்கும்போது பேஸ் கிட்டாரின் இடத்தில் குறுக்கிடாது என்பது ஒரு நன்மை. வயரிங் வேலைக்கு எஃப் வடிவத் துளை வழியாகக் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு கூப் இன்னும் குறுகலாகத் தோன்றும்.

என் அபிப்பிராயம்: கை, தோள் காரணமாகப் பெரிய பாடி முடியவே முடியாது என்றால் கூப் நல்ல கிட்டார். தோற்றத்துக்காக மட்டும் சின்னது வேண்டும் என்றால், முதலில் முழு அளவை ஸ்ட்ராப்பில் மாட்டி நின்று வாசித்துப் பாருங்கள். உட்கார்ந்தபோது இருந்த சங்கடம் பாதி போய்விடும்.

பி-90 என்றால் என்ன? ஹம்பக்கருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பி-90 கிப்சன் 1940களில் கொண்டுவந்த ஒற்றைக் காயில் பிக்கப். அகலமான, தட்டையான ஒரு பாபினில் மெல்லிய செம்புக் கம்பி ஏறத்தாழ பத்தாயிரம் சுற்று. அடியில் இரண்டு சட்டக் காந்தங்கள். நடுவே ஆறு திருகுகள். காயில் அகலமாக இருப்பதால் கம்பியின் கொஞ்சம் நீண்ட பகுதியைக் கேட்கிறது, அதனால் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்பைவிடத் தடித்த ஒலி. ஒற்றைக் காயில் என்பதால் ஹம்பக்கரைவிட மேல் ஒலிகள் தெளிவு.

ஹம்பக்கர் என்பது எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள். கிப்சனில் சேத் லவர் 1955 வாக்கில் உருவாக்கியது. மின் இரைச்சலை ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். எபிஃபோனின் விலை கூடிய ஷெரட்டன், ரிவியேரா மாடல்களில் மினி ஹம்பக்கர் போட்டார்கள். கேசினோ அந்தக் குடும்பத்தில் விலை குறைந்த உறுப்பினர் என்பதால் பி-90உடன் நின்றுவிட்டது. இன்று அதற்காகவே தேடுகிறோம்.

கேசினோவில் இருப்பது 'டாக் இயர்' வகை, இரண்டு பக்கமும் காது போல நீட்டிய மூடி. அந்தக் காதுகளில் திருகு போட்டு நேராக மேல்பலகையில் இறுக்கியிருப்பார்கள். இதனால் இரண்டு விளைவு. ஒன்று, பலகை அதிரும்போது பிக்கப்பும் சேர்ந்து அதிர்கிறது. பாடியின் குணம் ஒலியில் இவ்வளவு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு, உயரத்தை ஸ்ப்ரிங் திருகு வைத்து ஏற்றி இறக்க முடியாது.

மறுவெளியீட்டு பிக்கப்கள் மட்டமா? உடனே மாற்ற வேண்டுமா?

'மறுவெளியீடு வாங்கு, பிக்கப்பைத் தூக்கிப்போடு' என்ற அறிவுரை காற்றில் நிறைய மிதக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பி-90 எளிமையான பொருள். காந்தமும் சுற்றும் சரியாக இருந்தால் எந்த நாட்டில் சுற்றினாலும் அது பி-90 போலத்தான் ஒலிக்கும். பெரும்பாலான புகார்கள் பிக்கப்பைப் பற்றியவை போலத் தெரிந்தாலும் உயரத்தைப் பற்றியவை.

அதிகம் கேட்கும் புகார் இது: நெக் பிக்கப் குழப்பமாக, சத்தமாக இருக்கிறது, பிரிட்ஜ் பிக்கப் சன்னமாக, கம்பி போல இருக்கிறது. நெக் பக்கம் கம்பி அதிக அகலத்துக்கு ஆடுகிறது, பிரிட்ஜ் பக்கம் குறைவாக. இரண்டு பிக்கப்பும் ஒரே உயரத்தில் இருந்தால் நெக் வெல்லும். அதோடு கேசினோவில் பிரிட்ஜ் பக்கம் கம்பி பலகையிலிருந்து உயரமாகப் போகிறது. ஆக பிரிட்ஜ் பிக்கப் கம்பியிலிருந்து தள்ளியே நிற்கும்.

செய்ய வேண்டியது: கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் திருகின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் 2 மில்லிமீட்டர், நெக் பக்கம் 3 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். பிரிட்ஜ் பிக்கப் தாழ்ந்திருந்தால் மூடிக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் ஷிம் வைத்து உயர்த்துங்கள். தாழ்ந்த வகை, உயர்ந்த வகை என்று மூடிகளும் தனியாகக் கிடைக்கின்றன. அதன் பிறகு ஆறு திருகுகளுக்கு வாருங்கள். சுற்று இல்லாத மூன்றாவது கம்பி போட்டிருந்தால் அது மற்றவற்றைவிட உரக்கக் கேட்கும், அதன் திருகை இறக்குங்கள். இரண்டாவது கம்பியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்று போதும், காதால் கேட்டுச் செய்யுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் புது பிக்கப் வாங்கியதைவிடப் பெரிய மாற்றம் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்த பிறகும் மேல் ஒலி அடைத்துக் கிடந்தால் அடுத்து பார்க்க வேண்டியது பொட் எனப்படும் வால்யூம், டோன் கட்டுப்பாடுகள். 500 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிட மிகக் குறைவாக அளவு காட்டினால் மேல் ஒலி கிரவுண்டுக்குப் போய் மங்கிவிடும். அவற்றையும் சரிசெய்துவிட்டு, இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் மட்டும் பிக்கப்பை மாற்றுங்கள்.

மாற்றும்போது ஒன்று கவனம். ஆசிய, அமெரிக்க டாக் இயர் மூடிகளின் அளவும் திருகுத் துளைகளின் இடைவெளியும் எப்போதும் பொருந்துவதில்லை. உங்களுடையதைக் கழற்றி அளந்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். பலகையில் புதுத் துளை போடும் நிலை வரவே கூடாது.

உலோக மூடியா, கறுப்பு பிளாஸ்டிக் மூடியா?

ஆரம்ப கேசினோக்களில் கறுப்பு பிளாஸ்டிக் இருந்தது, சில ஆண்டுகளில் உலோக மூடிக்கு மாறினார்கள். உலோகத்தில் காந்தப்புலத்தின் மாற்றம் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி மேல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும். நிக்கல் சில்வரில் இது குறைவு, பித்தளை மூடியில் அதிகம். பிக்கப்பை மாற்ற நினைப்பவர் அதற்கு முன் மூடியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், மிகக் குறைந்த செலவு. எனக்கு உலோக மூடியின் அந்த லேசான மென்மை பிடிக்கும்.

ஹம் சத்தத்தை என்ன செய்வது?

பி-90 ஹம் செய்யும். பெரிய காயில், நிறையச் சுற்று, மின்சார இரைச்சலை நன்றாகவே பிடிக்கும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஆக நம் வீட்டு ஹம் அமெரிக்கர் கேட்பதைவிடத் தாழ்ந்த சுருதியில் இருக்கும். அளவில் குறைவு ஒன்றும் இல்லை.

முதலில் நீங்கள் நிற்கும் திசையை மாற்றிப் பாருங்கள். சில டிகிரி திரும்பினாலே பாதி அடங்கும். விளக்கு டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர், மலிவான சார்ஜர் ஆகியவற்றை அணைத்துப் பாருங்கள். வீட்டின் எர்த் இணைப்பு சரியா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதிப்பது கிட்டாருக்கு மட்டுமல்ல, உயிருக்கும் முக்கியம். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் கிரவுண்ட் வேலை செய்கிறது. தொட்டதும் கூடினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு சோதனை: இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வைக்கும் நடு நிலையில் ஹம் நின்றுவிடுகிறதா? நின்றால் ஒரு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் திருப்பப்பட்டிருக்கிறது. மூல கேசினோவில் அப்படி இல்லை. நின்றால் அந்த நிலையை நன்றாகப் பயன்படுத்துங்கள். ரிதமுக்கு அதைவிட அழகான ஒலி இந்தக் கிட்டாரில் கிடையாது.

ஃபீட்பேக் வருகிறது. இது குறைபாடா?

ஆம்ப்பின் சத்தம் காற்றில் வந்து மேல்பலகையை அசைக்கிறது, பலகை கம்பியை அசைக்கிறது, பிக்கப் அதைத் திரும்ப ஆம்ப்புக்கு அனுப்புகிறது. சுற்று முடிந்துவிட்டது. காலியான பாடியில் இது சீக்கிரம் நடக்கும்.

இதைக் குறை என்று சொல்வதற்கு முன் ஒரு வரலாறு. பால் மெக்கார்ட்னி 1964இல் கேசினோ வாங்கினார். பிரிட்டிஷ் புளூஸ் கலைஞர் ஜான் மேயால் தன் வீட்டில் அவருக்குப் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, காலிப் பாடி கிட்டாரின் அருமையையும் காட்டியிருந்தார். ஃபீட்பேக் தரக்கூடிய கிட்டார் வேண்டும் என்றுதான் மெக்கார்ட்னி கேசினோவைத் தேடிப் போனார். தனக்கு மிகவும் பிடித்த எலெக்ட்ரிக் கிட்டார் அது என்று பின்னாளில் சொல்லியும் இருக்கிறார். 1966இல் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் மொட்டைமாடியில் நடந்த பீட்டில்ஸ் நிகழ்ச்சியில் லெனன் கையில் இருந்தது அவருடைய கேசினோதான். நம் காலத்தில் கேரி கிளார்க் ஜூனியர் கேசினோவை ஃபஸ் பெடலோடு உரக்க வாசிக்கிறார். அந்தப் பாடியும் அந்த பிக்கப்பும் இல்லாமல் அவருடைய ஒலி இல்லை. ஆக, ஃபீட்பேக் இந்தக் கிட்டாரின் பிறவிக் குணம். கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டால் அது வாசிப்பின் ஒரு பகுதியாகிவிடும்.

கட்டுப்படுத்துவது எப்படி? ஆம்ப்புக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒரு காலடி நகர்ந்தால் ஃபீட்பேக் வரும் சுரமே மாறும். வாசிக்காத நேரத்தில் வலது உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வையுங்கள். ஆம்ப்பில் பேஸையும் தாழ்ந்த மிட்டையும் குறையுங்கள், கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டுங்கள். மேடை மானிட்டரில் கிட்டாரைப் போட வேண்டாம் என்று சவுண்ட் எஞ்சினியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவை போதாத பெரிய மேடையில் எஃப் துளைகளில் மென்மையான ஸ்பாஞ்சைச் செருகலாம். பி. பி. கிங்கும் துணியை அடைத்து வாசித்தவர்தான். 1980இல் கிப்சன் அவர் பெயரில் கொண்டுவந்த மாடலில் துளையே கிடையாது. எதைச் செருகினாலும் பசை போட்டு ஒட்டாதீர்கள். நாளைக்குக் கழற்ற முடிய வேண்டும்.

இவ்வளவு செய்தும் உங்கள் பேண்டின் சத்தத்துக்குத் தாங்கவில்லை என்றால் 335 வகைக் கிட்டாருக்குப் போங்கள். கேசினோவுக்குள் மரக்கட்டையை ஒட்டுவது, நுரையைக் கொட்டுவது எல்லாம் ஒரு நல்ல கிட்டாரைக் கெடுக்கும் வேலை.

ஹம்பக்கர் போடலாமா?

வேண்டாம். டாக் இயர் பிக்கப்புக்கான துளையில் ஹம்பக்கர் உட்காராது, பலகையை வெட்ட வேண்டும். இரைச்சல்தான் பிரச்சினை என்றால் பி-90 அளவிலேயே ஹம் நீக்கும் வகைகள் விற்பனைக்கு இருக்கின்றன.

பின்பக்கம் மூடியே இல்லை. வயரிங் வேலையை எப்படிச் செய்வார்கள்?

எல்லாம் எஃப் துளை வழியாகத்தான். பழையவற்றை வெளியே இழுக்கும் முன் ஒவ்வொரு பொட்டின் தண்டிலும் ஒரு நூலைக் கட்டிவிடுவார்கள். புது வயரிங்கை மேசையில் அட்டை வார்ப்பில் முழுவதும் சால்டர் செய்து முடித்து, அந்த நூலைப் பிடித்து ஒவ்வொன்றாக அதனதன் துளைக்கு இழுப்பார்கள். அட்டையில் துளைகளின் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்வது முக்கியம், வயர் நீளம் தவறினால் மறுபடி வெளியே எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அனுபவமுள்ள ஆளிடம் கொடுத்துவிடலாம். எஃப் துளையின் ஓரத்தில் பெயிண்ட் பெயராமல் இருக்க டேப் ஒட்டிவிட்டு வேலை செய்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

எந்தக் கம்பி போடுவது?

009 செட் (மெல்லிய கம்பியின் தடிமன் 0.009 அங்குலம்) வேண்டாம். பாடியின் கீழ் முனையில் மாட்டி, கம்பிகளைப் பிடித்திருக்கும் டிரபீஸ் டெயில்பீஸ் கம்பியைப் பிரிட்ஜ்மேல் லேசாகத்தான் அழுத்துகிறது. மெல்லிய கம்பி போட்டால் அழுத்தம் போதாமல் பிரிட்ஜில் சலசலப்பு கேட்கும், பலமாக அடித்தால் கம்பி பள்ளத்திலிருந்து நழுவும். 010 குறைந்தபட்சம், 011 இன்னும் நல்லது. 011இல் பாடி விழித்துக்கொள்வது வாசித்த உடனே தெரியும். பழைய காலத்து ஒலி வேண்டுவோர் தட்டையான இழை சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடலாம். பி-90இன் கூர்மையும் ஃப்ளாட்வவுண்டின் மென்மையும் நன்றாகச் சேரும். கம்பியை மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால், பிரிட்ஜ் பலகையில் பொருத்தப்படாத கிட்டார்களில் அது இடம் மாறிவிடும்.

லெனன் செய்ததுபோல பாலிஷைச் சுரண்டினால் ஒலி மாறுமா?

1968இல் லெனன் தன் கேசினோவின் பாலிஷை நீக்கினார், ஹாரிசனும் அப்படியே. அதன் பிறகு கிட்டார் நன்றாக ஒலித்தது என்று ஹாரிசன் சொன்னதுண்டு. ஆனால் அவர்களுடையது 1960களின் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு. இன்றைய மறுவெளியீடுகளில் பெரும்பாலும் கெட்டியான பாலியூரிதேன். அதை எடுக்க மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும், பிளைவுட்டின் மேல் ஏடு மெல்லியது, ஓரங்களில் தேய்ந்து அடுத்த ஏடு தெரிந்துவிடும். மர நிறம் வேண்டும் என்றால் அப்படியே தயாரித்து விற்கும் பதிப்பை வாங்குங்கள்.

பழையது வாங்கும்போது முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

நெக் பாடியோடு சேரும் இடத்தில் கோடு போல விரிசல் இருக்கிறதா? பிரிட்ஜுக்குக் கீழே பலகை பள்ளமாக இறங்கியிருக்கிறதா? எஃப் துளை வழியாக டார்ச் அடித்து, தாங்கு சட்டங்கள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆம்ப் இல்லாமல் ஒவ்வொரு சுரத்தையும் வாசித்துக்கொண்டே பலகையை விரல் நுனியால் அங்கங்கே லேசாக அழுத்துங்கள். எங்காவது அழுத்தியதும் சலசலப்பு நின்றால் அந்த இடத்தில் ஏதோ தளர்ந்திருக்கிறது. பிக்கப் மாற்றப்பட்டிருந்தால் பழையதையும் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் விற்பவரின் மேசை டிராயரில்தான் கிடக்கும்.